அப்பாவின் ஷூவுக்குள் ஒரு சட்டைப் பொத்தான்

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு சட்டைப் பொத்தான் உருண்டு விழுந்தது. வெள்ளைப் பொத்தான், நாலு ஓட்டை. "அட, இது எப்ப உள்ள போச்சு" என்று எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

காலை ஒன்பது மணிக்குப் போட்ட ஷூ அது. நாள் முழுக்க அந்தப் பொத்தான்மேல் நடந்திருக்கிறார், படி ஏறியிருக்கிறார், வரிசையில் நின்றிருக்கிறார். சாக்ஸின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருந்ததை அம்மாதான் பார்த்தாள். அவரை உட்காரவைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தோம். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அந்த இடத்தில் பொத்தானின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. நாலு ஓட்டையையும் எண்ணலாம். ஒரு ஓரத்தில் தோல் விட்டு, ஈரமாக இருந்தது.

"வலிக்கலையாப்பா?"

"வலிச்சிருந்தா கழட்டிப் பாத்திருக்க மாட்டேனா?"

அந்தச் சின்னக் காயம் மூட ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு மூன்று வருடமாக ஒரு போனை வைத்துக்கொண்டு அப்பாவின் கால்களைக் காவல் காத்துவருவதையும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. மென்பொருள் சோதிப்பவன். அதனால் ஆப்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அப்போது சர்க்கரை நோய் வந்து பத்தொன்பது வருடம். சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள் முதலில் கெடும் என்பதால் சேதம் பாதத்தில்தான் தொடங்கும். தொடு உணர்ச்சி போவது எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு நிற்பதில்லை. பாதத்தின் சின்னத் தசைகளை ஆட்டுவிக்கும் நரம்பும் கெடுவதால் விரல்கள் மெல்ல மடங்கிக்கொள்கின்றன. பாரம் வழக்கமாக விழாத இடங்களில் விழ ஆரம்பிக்கிறது. வியர்வையைக் கவனிக்கும் நரம்பு கெட்டுத் தோல் காய்ந்து வெடிக்கிறது. பாரம் விழும் இடத்தில் தோல் காய்த்துத் தடிக்கிறது. தடித்த தோல், ஷூவுக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி, கீழே இருக்கும் சதையை இன்னும் அழுத்துகிறது. காய்ப்பைச் சீவி எடுத்தால் அந்த இடத்தின் உச்ச அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று 1992-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். இதோடு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், வந்த புண் ஆறுவது கடினம்.

இந்த விஷயத்தை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் சீரமைத்தவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு வலி தெரியாததால் தினமும் படும் காயம்தான் விரலைத் தின்கிறது என்று காட்டினார். பிறகு அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் காலில் நடப்பதும் இதேதான் என்று அங்கிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவரே சொன்ன ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் நெடுநேர ரயில் பயணம் முடிந்து ஒரு ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று விடியவிடியத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்ததில் நரம்பு மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "நானும் தினம் குத்திப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒருநாளும் கத்தலையே" என்றார்.

புண் மூடிய அன்று நான் இனிப்பு வாங்காத குறைதான். கட்டுப் போடும் நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆறிடுச்சுன்னு நினைக்காதீங்க சார், தூங்குதுன்னு வெச்சுக்குங்க" என்றார். மிரட்டுகிறாரோ என்று தோன்றியது. அப்புறம் படித்துப் பார்த்தபோது அவர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரும் வாய்ப்பு 19 முதல் 34 சதவீதம் வரை. ஒருமுறை வந்து ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்துக்குள் திரும்ப வருகிறது, ஐந்து வருடத்துக்குள் 65 சதவீதம் பேருக்கு. 2017-ல் ஆர்ம்ஸ்ட்ராங், போல்டன், பஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் தொகுத்து எழுதிய கணக்கு இது.

சரி, போன் இருக்கிறது, ஆப் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் மாதம் ஐந்து ஆப்களை ஏற்றி இறக்கினேன். பெரும்பாலானவற்றில் சர்க்கரை அளவு எழுதலாம், எடை எழுதலாம், சாப்பாட்டைப் படம் பிடிக்கலாம். காலுக்கு என்று பார்த்தால் ஏதோ ஒரு மூலையில் 'தினமும் பாதங்களைப் பரிசோதியுங்கள்' என்று ஒரு வரி இருக்கும். நல்ல ஆலோசனைதான். ஆனால் எழுபத்தொரு வயதில், குனிய முடியாத இடுப்போடு, லேசர் வைத்த கண்ணோடு ஒருவர் தன் உள்ளங்காலை எப்படிப் பரிசோதிப்பார்? சர்க்கரை காலை மரக்கவைக்கும் வயதில்தான் விழித்திரையையும் கெடுக்கும், மூட்டுகளையும் விறைக்கவைக்கும். காலைப் பார்த்தே ஆகவேண்டியவருக்குக் கால் தெரியாது, எட்டாது. மருத்துவமனையில் கொடுத்த துண்டுத்தாளில் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வைத்தோம். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் அந்தத் தூரத்துக்கு மங்கல், கழற்றினால் அதைவிட மங்கல். "ஏதோ கால் மாதிரி தெரியுது" என்றார்.

போன் கேமரா உண்மையிலேயே உதவியது இங்கேதான். அதிலும் எந்தப் புத்திசாலித்தனமும் கிடையாது. படம் எடுத்தால் விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம், நேற்றைய படத்தோடு ஒப்பிடலாம், வேறு ஊரில் இருக்கும் எனக்கு அனுப்பலாம். அவ்வளவுதான். ஆனால் உள்ளங்காலைத் தானே படம் எடுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். முதல் வாரப் படங்களில் மின்விசிறி இருக்கிறது, முழங்கால் இருக்கிறது, அம்மாவின் முதுகு இருக்கிறது. கால் இல்லை.

பத்துப் பதினைந்து நாள் முட்டிமோதி ஒரு முறைக்கு வந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு முக்காலியில் கெண்டைக்காலை வைக்க வேண்டும். குதிகால் முக்காலியின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிகால் அமுங்கி உருமாறித் தெரியும். அதே உயரத்தில் இன்னொரு நாற்காலியில் போனைச் சாய்த்து நிறுத்திப் பின்பக்கக் கேமராவை உள்ளங்காலைப் பார்க்கத் திருப்ப வேண்டும். பத்து விநாடி டைமர். ஜன்னல் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் தோல் பளபளத்து, பார்க்க வேண்டியது மறைந்துவிடும். இரண்டு நாற்காலியும் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டேன். தூரம் மாறினால் ஒப்பிடுவதற்கு அர்த்தமில்லை.

அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். தூரம் மாறக்கூடாது என்று நான் சொன்னதைவிட ஒருபடி மேலே போனார். "படத்துல அளவு தெரிய வேணாமா?" என்று கேட்டு, அந்தப் பொத்தானைத் தேடி எடுத்துவந்து, இரட்டைப் பக்க டேப்பால் ஒரு குச்சியில் ஒட்டிக் காலுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி நிறுத்தினார். பதினோரு மில்லிமீட்டர். மூன்று வருடப் படங்களிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது.

எங்கள் டேப் வேலையை ஆராய்ச்சியாளர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபுட்ஸ்னாப் என்ற செயலி, முதல் படத்திலிருந்து காலின் கோட்டுருவத்தை எடுத்துத் திரையில் நிழல் மாதிரி காட்டும். அடுத்தமுறை காலை அந்தக் கோட்டுக்குள் பொருத்திப் படம் எடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் மைஃபுட்கேர் என்று ஒன்று செய்தார்கள். ஏற்கெனவே புண் இருப்பவர்கள் அது சுருங்கிவருவதைப் படத்தில் அளந்து பார்த்துக்கொள்ளலாம். கட்டுப்போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் ஐந்தாவது மாதத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் வீட்டில் பாதிச் சண்டை வந்திருக்காது.

படத்தை வைத்துப் போனே புண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்று விளம்பரம் செய்கிற ஆப்களை மட்டும் நான் நம்புவதில்லை. 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. போனில் எடுத்த படத்தை மட்டும் பார்த்து நிபுணர்கள் சொன்னதையும், நேரில் காலைப் பார்த்துச் சொன்னதையும் ஒப்பிட்டார்கள். பொருத்தம் மோசம். படத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன தீர்ப்பு. படத்தில் மணம் தெரியாது, சூடு தெரியாது, அழுத்தினால் எப்படி இருக்கிறது என்று தெரியாது. கறுத்த தோலில் சிவப்பும் சட்டென்று தெரியாது. விரலிடுக்கைக் கேமரா பார்ப்பதே இல்லை. அதை அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கையால் விரித்துப் பார்க்கிறாள்.

இரண்டு விபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்பில் ஆறு மாதப் பதிவுகள் வைத்திருந்தோம். ஒருநாள் போன் அப்டேட் ஆனது, ஆப் திறக்கவில்லை. போனின் ஆப் கடையில் தேடினால் ஆப்பே இல்லை. நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், மெயில் திரும்பி வந்தது. அன்றிலிருந்து படங்கள் போனின் சாதாரண ஆல்பத்தில்தான். அடுத்து அந்த ஆல்பத்தால் வந்த வினை. போட்டோக்கள் தானாக 'கிளவுட்' என்ற இணையச் சேமிப்புக்குப் போய், அங்கிருந்து வீட்டு டிவிக்கு வந்திருக்கின்றன. விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் அப்பாவின் உள்ளங்கால், பொத்தானோடு. உடம்பைப் படம் பிடிக்கும் எந்த ஆப்பையும் போடும் முன் அது எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கண்ணால் பார்ப்பது போதுமா?

அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் லாவெரியும் அவரோடு இருந்தவர்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. ஏற்கெனவே புண் வந்து ஆறிய 173 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பதினைந்து மாதம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இரண்டாவது குழு தினமும் கண்ணாடி வைத்துக் காலைப் பார்த்து எழுதிவைத்தது. மூன்றாவது குழு தினமும் இரண்டு பாதங்களிலும் ஆறு இடத்தில் தோலின் வெப்பத்தை அளந்தது. வலதிலும் இடதிலும் ஒரே இடத்துக்கு நடுவே நாலு பாரன்ஹீட், அதாவது 2.2 செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு நர்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். முடிவில் முதல் குழுவில் 29.3 சதவீதம் பேருக்குப் புண். கண்ணாடிக் குழுவில் 30.4. வெப்பம் பார்த்த குழுவில் 8.5.

கண்ணாடிக் குழு எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தினமும் ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கும் பலன் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் தோலுக்கு அடியில் காரியம் முடிந்திருக்கிறது. அழுத்தம் பட்டுப்பட்டுச் சதை நொந்து, அழற்சி தொடங்கி, அந்த இடம் சுடுகிறது. வலி தெரிகிற கால் என்றால் அப்போதே நொண்ட ஆரம்பித்திருப்போம். வெப்பமானி அந்த நொண்டலுக்கு மாற்று.

மிதித்து நின்றால் இரண்டு பாதங்களின் வெப்பத்தையும் அளந்து அனுப்பிவிடும் விரிப்புகளும் வந்துவிட்டன. 2017-ல் வெளியான ஒரு ஆய்வில் அப்படி ஒரு விரிப்பு, உள்ளங்காலில் காயமில்லாமல் வந்த புண்களில் 97 சதவீதத்தை முன்கூட்டியே சொன்னது, சராசரியாக 37 நாள் முன்பே. பொய் எச்சரிக்கையும் நிறைய, 57 சதவீதம். போனில் செருகும் வெப்பக் கேமராவும் உண்டு. நாங்கள் சாதாரண அகச்சிவப்புத் தெர்மாமீட்டரோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு எச்சரிக்கை: நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர்கள் தோலின் வெப்பத்தை உடம்பின் உள்வெப்பமாகக் கணக்குப் போட்டு மாற்றிக் காட்டும். காலுக்கு அது உதவாது. பொருள்களின் வெப்பம் பார்க்க ஒரு தனி நிலை இருக்கும், அதில் வைக்க வேண்டும். சாக்ஸைக் கழற்றிப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளக்க வேண்டும். அப்பா அளந்து நோட்டில் எழுதுகிறார், நான் எங்கள் இருவர் போனிலும் இருக்கும் ஒரு சின்ன ஆப்பில் ஏற்றுகிறேன். அது வித்தியாசத்தைக் கழித்து, வரம்பு தாண்டினால் சிவப்பு காட்டும். நோட்டுக்குப் பக்கத்தில் ஆப் எதற்கு என்று அவர் இன்றுவரை கேட்கிறார். எனக்குத் தெரிவதற்கு என்று சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்பு காட்டியது. வலது பெருவிரலுக்குக் கீழே, பழைய இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, வித்தியாசம் 2.6. சரி, ஒருநாள் கணக்கு என்று விட்டோம். புதன்கிழமை 2.9. அதே செவ்வாய்க்கிழமை ராத்திரி இன்னொரு ஆப், போனோடு வந்த நடைக் கணக்கு ஆப், அவருக்குப் பட்டாசு வெடித்துக் காட்டியிருக்கிறது. அன்றைக்கு அவர் ஒன்பதாயிரத்துச் சொச்சம் அடி நடந்து இலக்கைத் தாண்டிவிட்டாராம். ஒரே போனில் ஒரு ஆப் நட என்கிறது, இன்னொன்று நிற்கச் சொல்கிறது. பட்டாசு வெடிக்கிற ஆப்பைத்தான் அப்பா கேட்டார்.

வியாழக்கிழமை அவருடைய சிநேகிதர் வீட்டில் ஒரு விசேஷம். போகவேண்டாம் என்றேன்.

"எதுக்கு? வலிக்கவே இல்லையே."

"வலிக்காதுன்னுதானேப்பா அளக்கறோம்."

"ரெண்டு மணி நேரம்டா. போயிட்டு வந்து உக்காந்துக்கறேன்."

இந்த உரையாடலுக்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. நெதர்லாந்தில் 304 பேரை வைத்து நடந்த பெரிய சோதனை ஒன்று 2021-ல் வெளியானது. வீட்டிலேயே வெப்பம் அளந்தவர்களில் 29 சதவீதம் பேருக்குப் புண் திரும்பியது, அளக்காதவர்களில் 37 சதவீதம். தற்செயல் இல்லை என்று சொல்ல இந்த வித்தியாசம் போதாது. ஆனால் சூடு கண்டதும் நடையைக் குறைத்துக்கொண்டவர்களைத் தனியாகப் பார்த்தபோது, அவர்களுக்குப் புண் கணிசமாகக் குறைந்திருந்தது. அளந்துவிட்டு வழக்கம்போல நடந்தவருக்கு வெப்பமானி இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

என் வேலையில் ஒரு எச்சரிக்கை சரியான நேரத்தில் திரையில் வந்துவிட்டால் 'பாஸ்' என்று எழுதிவிடுவோம். பார்த்தவர் அப்புறம் என்ன செய்தார் என்று யாரும் சோதிப்பதில்லை. அந்த ஆப் அப்பாவுக்குக் காட்டியது ஒரு சிவப்பு முக்கோணமும் 'இயல்புக்கு மாறான வெப்பநிலை கண்டறியப்பட்டது' என்ற வாக்கியமும். அதை அவர் விளம்பரத்தைத் தள்ளுகிற மாதிரி விரலால் தள்ளிவிட்டார். அதில் அவர் தப்பு என்ன? என்ன செய்யச் சொல்கிறது என்று அந்த வாக்கியத்தில் எங்காவது இருக்கிறதா? 'இன்றும் நாளையும் உட்காருங்கள், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று இருந்திருந்தால் கொஞ்சமாவது எடுபட்டிருக்கும். சர்க்கரை நோய்ப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டியே இதைத்தான் சொல்கிறது. ஆபத்து கூடுதலாக உள்ளவர்கள் தினம் ஒருமுறை அளக்கலாம், தொடர்ந்து இரண்டு நாள் வரம்பு தாண்டினால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் அவரை உட்காரவைத்தது அவருடைய நோட்டு. நான் போனில் கத்தி முடித்த பிறகு அம்மா அந்த நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, 'எழுந்த தடவை' என்று ஒரு பத்தியை ஆரம்பித்து அவர் கையில் கொடுத்தாளாம். சர்வேயரிடம் காலியான பத்தியைக் கொடுத்தால் அவரால் நிரப்பாமல் இருக்க முடியாது. வியாழன் 14. வெள்ளி 11. சனி 9. பக்கத்துப் பத்தியில் வெப்ப வித்தியாசம் 2.6, 1.4, 0.8. வெள்ளிக்கிழமை பாத சிகிச்சைக்குப் போனார்கள். நர்ஸம்மா காய்ப்பைச் சீவியபோது அடியில் மிளகு அளவுக்கு ஒரு ரத்தக் கறை. தோல் விடவில்லை. இன்னும் ஒரு வாரம் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஷூவின் உள்தளத்தில் அந்த இடத்துக்கு மெத்தையைச் சரிசெய்து கொடுத்தார்கள்.

நடைக் கணக்கு ஆப்பின் பட்டாசை அணைத்துவிட்டேன். நடக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தோல் நன்றாக இருக்கும் நாட்களில் சரியான ஷூவோடு நடக்கிறார். நேற்றைவிட இன்று கூட என்ற போட்டிதான் ஆகாது.

ஷூ என்றதும் இன்னொரு கணக்கு ஞாபகம் வருகிறது. பாதத்துக்கென்று அளவெடுத்துச் செய்த ஷூவை நோயாளிகள் உண்மையில் எவ்வளவு போடுகிறார்கள் என்று நெதர்லாந்திலேயே கருவி பொருத்திப் பார்த்தார்கள். வெளியே நடக்கும்போது 87 சதவீத அடிகள் ஷூவோடு, வீட்டுக்குள் 61 சதவீதம்தான். நடை அதிகம் வீட்டுக்குள்தான். எங்கள் வீட்டிலும் அதே கதை. 'செருப்பு?' என்று ஒற்றை வார்த்தையில் காலை, மதியம், மாலை மூன்று அலாரம் வைத்தேன். முதல் வாரம் வேலை செய்தது, அப்புறம் அது ஒரு பின்னணி இசை. இப்போது வீட்டுச் செருப்பு கட்டிலுக்குக் கீழே, இறங்கினால் கால் படுகிற இடத்தில் இருக்கிறது. அலாரத்தைவிட அது மேல்.

உள்தளத்திலேயே உணரிகள் வைத்து, ஒரு இடத்தில் அழுத்தம் அதிகநேரம் இருந்தால் கைக்கடிகாரத்தில் சொல்கிற ஏற்பாடும் இருக்கிறது. மான்செஸ்டரில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் புண் திரும்புவது 71 சதவீதம் குறைந்தது. ஆட்கள் குறைவு, அறுபதுக்கும் உள்ளே. எச்சரிக்கையோடு 'பாரத்தை மாற்று' என்ற செயலும் சேர்ந்தே வருவதால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. அப்பா கடிகாரம் கட்டமாட்டார், அது வேறு விஷயம்.

எந்த ஆப்பும் வேண்டாத ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்டது. கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் சர்க்கரை உள்ள யாருக்கும் இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம். மருத்துவமனையில் பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்துச் செய்வதற்கு இது கிட்டத்தட்ட ஈடு. என் சித்தப்பாவுக்குச் செய்தேன். ஆறில் மூன்று. அவர் அதுவரை ஒரு ஆப்பும் போட்டதில்லை, காலில் ஒரு குறையும் சொன்னதில்லை.

தோல் கிழிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, சீழ், நாற்றம், கறுத்த நிறம் தெரிந்தாலோ, பாதம் முழுக்கச் சூடாக வீங்கினாலோ படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே நேரில் போங்கள். வலியில்லாமல் சூடாக வீங்கிய பாதம் எலும்பே நொறுங்கிக்கொண்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். அதற்குச் சார்கோ என்று பெயர்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நேற்றைய படத்தைக் கவனித்தேன். இரண்டு கால்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. பொத்தானைக் காணோம். குச்சி மட்டும் நிற்கிறது. போன் செய்தேன்.

"உங்கம்மாதான்," என்றார். "நீலச் சட்டைக்கு ஒரு பொத்தான் குறையுதுன்னு தேடிக்கிட்டு இருந்தா. எடுத்துத் தெச்சுட்டா."

"அப்ப அளவுக்கு?"

"பாத்துக்கறேன்."

இன்று காலை ஆறு நாற்பதுக்குப் படம் வந்தது. வலது கால், ஜன்னல் வெளிச்சம், சரியான தூரம். காலுக்குப் பக்கத்தில் குச்சியில் மொத்தச் சட்டையும் தொங்குகிறது.